திங்கட்கிழமை எட்டேகால் மணி

அத்தியாயம் 9

அறுபத்தொரு பேர் எழுதியிருந்தார்கள். அதில் ஒருவராவது கொலைகாரராக இருந்தால் தேவலை என்று ஜோஜோவுக்கு இருந்தது. துப்பறிகிறவரிடம் உதவியாளனாகச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. முதலில் காணாமல் போன எருமை, அப்புறம் காணாமல் போன மாப்பிள்ளை, இப்போது காணாமல் போன வெப்சைட்.

“எருமையாவது சாணி போட்டு வழி காட்டுச்சுக்கா,” என்றான்.

மயிலாத்தாள் தலை நிமிரவில்லை. மூணாறுக்கு மேலே குன்றுப் பள்ளியின் கம்ப்யூட்டர் அறையில், பெஞ்சு முழுக்கக் காகிதங்களைப் பரப்பி அடுக்கிக்கொண்டிருந்தார். கோவிந்தாபுரத்தில் உரக்கடை மாடியில் இரண்டு நாற்காலியும் ஒரு ஃபேனும் போட்டுத் துப்பறியும் நிலையம் நடத்துகிற அந்த அம்மாளுக்கு ஐம்பத்து மூன்று வயது. அதற்கு முன் இருபது வருஷம் தபால் பிரித்தவர். அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. கையில் எது கிடைத்தாலும் எந்த ஊர், என்றைய தேதி என்று பிரித்து வைத்துவிட்டுத்தான் படிப்பார்.

விஷயம் இதுதான். வடகரப்பதியில் விவசாயம் பார்க்கும் கருப்புசாமியின் மகள் வனிதா, தமிழ்வழிப் பள்ளி ஆசிரியை வேலைக்கான தேர்வில் தேறிவிட்டாள். வருகிற செவ்வாய்க்கிழமை பாலக்காட்டில் சான்றிதழ் சரிபார்ப்பு. எட்டு முதல் பத்து வரை தமிழ்வழியில் படித்தாள் என்று அவள் தங்கிப் படித்த இந்தக் குன்றுப் பள்ளி எழுதித் தர வேண்டும். இங்கே தமிழ்ப் பிரிவு நடந்ததோ 2009 முதல் 2012 வரை, மூன்றே வருஷம். அப்புறம் மூடிவிட்டார்கள். அந்தப் பதிவேடுகள் ஒரு மழைக்காலத்தில் ஆபீஸ் கூரையோடு போய்ச் சேர்ந்தன. பின்னால் வந்த தலைமை ஆசிரியர் ஜிபி சார் நல்ல மனிதர்தான், ஆனால் கண்ணால் காணாததற்குக் கையெழுத்துப் போட மாட்டார். பள்ளி முத்திரையோடு எதையாவது காட்டுங்கள், அடுத்த நிமிஷம் போடுகிறேன் என்றார். மூன்று வருஷத்துக்கு முன்னாலும் ஒரு பெண் இதே சான்றுக்காக வந்து வெறுங்கையோடு திரும்பினாளாம். பெயர் அவருக்கு நினைவில்லை. போகும்போது மேசையில் ஒரு பை காரட் வைத்துவிட்டுப் போனது மட்டும் நினைவிருந்தது.

“எட்டாவதுல என்ன பாடம் படிச்சேன்னு கேட்டா மறந்துபோச்சுங்க. ஆனா நீ அங்க படிக்கவே இல்லைன்னு சொன்னா எப்புடிங்க?” என்று வனிதா உரக்கடை மாடியில் உட்கார்ந்து கேட்டாள். இன்று வியாழக்கிழமை, இடையில் இருப்பது நாலே நாள்.

இருந்த ஒரே நம்பிக்கை ஜின்சி. இந்தப் பள்ளியின் கம்ப்யூட்டர் டீச்சர். பள்ளிக்கு அறுபது வருஷம் நிறைவதால், அது இணையத்தில் கால் வைத்த நாளிலிருந்து நடத்திய எல்லா வெப்சைட்டுகளையும் தேடிச் சேர்த்துப் பாதுகாக்கிற வேலையைத் தலைமேல் போட்டுக்கொண்டிருந்தாள். மொத்தம் நாலு. முதலாவதில் புறா பறந்தது, மூன்றாவதில் பாட்டு வந்தது, நாலாவது இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. அவை மூன்றும் அவளிடம் பத்திரமாக இருந்தன. இரண்டாவதைத்தான் காணோம். வகுப்புவாரியாகப் பெயர்ப் பட்டியலை முத்திரையோடு படம் பிடித்துப் போட்டிருந்தது அதில்தான். 2012-இல் தமிழ்ப் பிரிவுப் பக்கங்களை மட்டும் யாரோ எடுக்கச் சொல்லி எடுத்திருக்கிறார்கள். அடுத்த வருஷம் வெப்சைட்டே மாறிவிட, மிச்சமும் போனது. மறைந்த வெப்சைட்டுகளின் நகலைச் சேர்த்து வைக்கிற இணையத்தின் பழைய சரக்குக் கிடங்கில் ஜின்சி துழாவியதில் அகப்பட்டது இரண்டே பக்கம். ஒன்று முகப்பு. இன்னொன்று விருந்தினர் பதிவேடு, அதாவது பெற்றோர்கள் நாலு வரி எழுதிவிட்டுப் போகிற பக்கம். பெஞ்சில் கிடந்த அறுபத்தொன்றும் அதிலிருந்து அச்செடுத்தவைதான்.

அந்த வெப்சைட்டை அன்று நடத்திய ஷைஜு இப்போது மூணாறில் செல்போன் கடை வைத்திருக்கிறான். நேற்று அவனைப் பார்த்தார்கள். எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன், யாரென்று சொல்ல மாட்டேன், வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றவன், அதோடு ஒரு போனுக்குக் கண்ணாடி ஒட்டுவதில் மும்முரமாகிவிட்டான். மேலிடம்தான் அவன் வாயை அடைத்திருக்கிறது என்று ஜோஜோ அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டான்.

மயிலாத்தாள் ஒருவழியாகப் பிரித்து முடித்தார். துபாய்க்காரர்கள் ஒரு கட்டு, எர்ணாகுளம் ஒரு கட்டு, பாலக்காட்டுப் பக்கம் ஒரு கட்டு. கடைசியாக, மலையில் இன்னும் உள்ளே தள்ளி இருக்கிற வட்டவடை என்ற ஊரின் கட்டைத் தனியாகத் தட்டிச் சமன் செய்தார்.

“ஜின்சி கண்ணு, வட்டவடைக்காரங்க எழுதுனது மட்டும் இருபத்தி மூணு இருக்குது. அத்தனையும் திங்கக்கெழமை. அத்தனையும் காலையில எட்டேகாலுக்கு மேல, எட்டேமுக்காலுக்குள்ள.”

“ஞாயித்துக்கிழமை பூசை கண்டு பாவத்தைக் கழுவிட்டு, திங்கக்கிழமை பிள்ளைகள விசாரிச்சிருப்பாக,” என்றான் ஜோஜோ.

ஜின்சி சிரிக்கவில்லை. எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து எழுதியது என்று காட்ட ஒவ்வொரு பதிவின் கீழும் பொடியாக அச்சாகியிருந்த எண்ணைப் பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது. துபாய்க்காரர்களுக்கெல்லாம் வேறு வேறு எண். வட்டவடையின் இருபத்து மூன்றுக்கும் ஒரே எண், அதுவும் பள்ளி ஆபீஸ் கம்ப்யூட்டரின் எண். அந்தக் காலத்தில் வட்டவடையில் இன்டர்நெட் என்ன, போன் பேசவே மேட்டில் ஏற வேண்டும். ஆகவே இவை பள்ளியே பெருமைக்காக எழுதிக்கொண்ட போலிக் கடிதங்கள் என்றாள் ஜின்சி. மூன்று மாதமாகத் தூசு தட்டிச் சேர்த்த வரலாற்றில் இப்படி ஒரு ஓட்டை என்றால் யாருக்கும் வலிக்கும். ஜோஜோவுக்கு வேறு கவலை. இந்தப் பக்கம் போலி என்றாகிவிட்டால், அந்த வெப்சைட்டிலிருந்து நாளைக்கு எது கிடைத்தாலும் ஜிபி சார் நம்ப மாட்டார். வனிதாவின் வேலை அம்போ.

“பெருமைக்கு எழுதறவன் பாராட்டித்தானே எழுதுவான்? இவங்க குத்தமல்லோ சொல்றாங்க,” என்ற மயிலாத்தாள் ஒரு தாளை எடுத்துப் படித்தார். என் மகன் போட்டோவில் இரண்டாவது பித்தானைக் காணோம், வார்டன் கவனிக்கவும் என்றது அது. அடுத்ததை ஜோஜோ கையில் கொடுத்தார். அவன் சத்தமாகப் படித்தான்.

‘இந்த வாரச் சாப்பாட்டுப் பட்டியல் பார்த்தோம். எதிலும் பூண்டு இல்லை. பிள்ளைகளுக்கு வாயு பிடிக்கும். இத்துடன் இரண்டு கிலோ பூண்டு உள்ளது.’

“இத்துடன்னு போட்டிருக்குது. ஏப்பா ஜோஜோ, கம்ப்யூட்டர் வழியா பூண்டு வருமா?”

“வாசங்கூட வராதுக்கா.”

“அப்ப இது பூண்டோட சேந்து வந்த கடுதாசி. வண்டியில வந்திருக்குது. இங்க வந்தப்பறம் ஆரோ தட்டிப் போட்டிருக்காங்க.”

ஜின்சி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். மயிலாத்தாள் கட்டிலிருந்து இன்னொரு தாளை உருவி அவள் முன் வைத்தார். அதை அவர் கடைசிக்கென்றே வைத்திருந்தார் என்று ஜோஜோவுக்குப் புரிந்தது. இந்த அம்மாள் சாப்பாட்டிலும் அப்படித்தான், அப்பளத்தைக் கடைசியில்தான் உடைப்பார்.

‘ரோசி கணக்கில் இன்னும் கொஞ்சம் முயற்சி செய்யவும். அம்மா நலம். காரட் மூன்று சாக்கு, முட்டைக்கோசு ஒன்று. சாக்கு திருப்பித் தரவும். மிக்கேல் வண்டி.’

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விடுதிச் சமையலுக்குக் காய்கறி ஏற்றி வருகிற வண்டிக்காரர், சரக்குச் சீட்டின் மேலேயே மகளுக்கும் ரெண்டு வரி எழுதி நீட்டியிருக்கிறார். ஷைஜு மகா யோக்கியன். எது சேதி, எது சரக்கு என்று பார்க்காமல் சீட்டை மேலிருந்து கீழ்வரை அப்படியே அடித்துத் தள்ளியிருக்கிறான். ஒரு பள்ளியின் இணைய வரலாற்றில் முட்டைக்கோசு இடம்பிடித்தது இப்படித்தான்.

மீதியை மயிலாத்தாள் விரல் விட்டுச் சொன்னார். பித்தான் இல்லாததைக் குறை சொல்ல வேண்டுமானால் போட்டோவைப் பார்த்திருக்க வேண்டும். இன்டர்நெட் இல்லாத ஊரில் பார்த்திருக்கிறார்கள் என்றால், திங்கட்கிழமை கடிதம் கொண்டுவந்த வண்டியே அதற்கு முன்னால் வெப்சைட்டை இங்கிருந்து ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. போனது முழுசும் திரும்பி வந்ததா என்பதுதான் கேள்வி. எழுந்து செருப்பை மாட்டினார்.

மயிலாத்தாளும் ஜோஜோவும் வட்டவடைக்கு வாடகை ஜீப்பில் கிளம்பினார்கள். ஜோஜோ லேப்டாப்பை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு, இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தும் எனக்கு இன்னும் இந்த ரோடு ஒத்துக்கொள்ளவில்லை என்று புலம்பியபடி வந்தான். அவன் பிறந்தது எஸ்டேட் லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தது தேயிலைக்கு நடுவில், வளைவைக் கண்டால் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொள்வான். வனத்துறைச் சோதனைச் சாவடியில் டிரைவர் வண்டிப் பேப்பரைக் காட்டினார். பிளாஸ்டிக் உறையிலிருந்து ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுப்பதற்குள் இன்சூரன்ஸ், ரேஷன் கார்டு நகல், மகனின் மார்க் ஷீட், வேளாங்கண்ணி மாதா படம் எல்லாம் வெளியே வந்தன. வீட்டில் வைக்க அலமாரி இல்லையா என்று ஜோஜோ கேட்டான். வீட்டில் வைத்தால் தொலைந்துவிடும், போலீசுக்குக் காட்டுகிற உறை தொலையவே தொலையாது என்றார் டிரைவர். மயிலாத்தாள் அந்த உறையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மிக்கேலின் வீட்டு முன்னால் நீலத் தார்ப்பாய் போர்த்திய ஜீப் ஒன்று நின்றது. மனிதருக்கு அறுபத்தைந்து இருக்கும். பள்ளிக்கூடம் என்ற வார்த்தையைக் கேட்டதும் முகம் இறுகிவிட்டது. வட்டவடையில் நாலு மிக்கேல் உண்டு, நீங்கள் தேடுகிற ஆள் நானில்லை என்றார். மயிலாத்தாள் வாதாடவில்லை. முட்டைக்கோசுத் தாளை நீட்டினார். மிக்கேல் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். பாதியில் உதடு துடித்தது, முடிக்கும்போது சிரிப்பு வந்துவிட்டது.

“சாக்கு இன்னும் திரும்பி வரலம்மா,” என்றார்.

அதற்கப்புறம் தானாகவே வந்தது. சனிக்கிழமை தோறும் ஷைஜு வெப்சைட் முழுவதையும் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுப்பான். ஊரில் மிக்கேல் வீட்டு முன் அறையில் மட்டும் ஒரு கம்ப்யூட்டர். ஞாயிறு பூசை முடிந்ததும், கோயிலுக்குப் போகிறவர்கள் கோயிலுக்குப் போய்விட்டும், பிள்ளைகளை அந்தப் பள்ளியில் விட்டிருந்த இருபத்திரண்டு வீட்டுக்காரர்களும் அங்கே கூடுவார்கள். பிள்ளை இளைத்திருக்கிறதா, சட்டை கிழிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு போட்டோவாகப் பார்த்துவிட்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். அதை மிக்கேல் திங்கட்கிழமை காய்கறியோடு இறக்குவார்.

அப்படியானால் 2012-இல் தமிழ்ப் பிரிவை எடுக்கச் சொன்ன பள்ளி நிர்வாகி யார், தைரியமாகச் சொல்லுங்கள் என்று ஜோஜோ முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். மிக்கேல் கண்ணாடியைக் கழற்றினார்.

“நிர்வாகி யாரும் இல்ல தம்பி. எடுக்கச் சொன்னது நாந்தான்.”

ஜோஜோ கட்டி வைத்திருந்த கோட்டை மொத்தமும் சரிந்தது. தமிழ்ப் பிரிவை மூடியதும் பிள்ளைகளை இங்கிலீஷ் பக்கம் மாற்றினார்கள். அங்கே மற்ற பிள்ளைகள் இவர்களைத் தமிழ் செட்டு என்று கேலி செய்தார்களாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருபத்திரண்டு வீட்டுக்காரர்களும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து யோசித்தார்கள். இதை உலகமே பார்க்குமே, நாளைக்குப் பிள்ளைகளைக் காலேஜில் சேர்க்க மாட்டேன் என்பார்களே என்று பயம். அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொல்லிச் சீட்டு எழுதினார்கள். திங்கட்கிழமை காரட்டோடு அதுவும் இறங்கியது. அதன் பின் மிக்கேல் அந்தப் பள்ளிப் பக்கமே போகவில்லை. பிள்ளைகள் நன்மைக்குச் செய்ததுதான் என்றாலும் என்னவோ போல இருந்தது என்றார்.

அப்போது அவர் மகள் ரோசி டீ கொண்டுவந்தாள். காரட் கழுவும் இடத்திலிருந்து நேரே வந்திருந்தாள், முழங்கை வரை மண் காய்ந்திருந்தது. வனிதாவின் வயதுதான் இருக்கும். மயிலாத்தாள் டம்ளரை வாங்கிக்கொண்டு அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். கேட்பதா வேண்டாமா என்று அவர் தயங்கியதை ஜோஜோ முதல் தடவையாகப் பார்த்தான்.

“மூணு வருசத்துக்கு முந்தி ஜிபி சார் மேசையில ஒரு பை காரட் வெச்சுட்டு வந்தது நீதானே கண்ணு?”

ரோசி அப்பாவைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள். மிக்கேலுக்கு ஒன்றும் விளங்கவில்லை, விளங்கத் தொடங்கியபோது எழுந்து நின்றுவிட்டார்.

“அந்த டீச்சர் பரீட்சையில பெயிலாயிட்டேன்னுதானே எங்கிட்ட சொன்ன?”

“பாஸ்தாம்ப்பா. தமிழ்ல படிச்சேன்னு காட்டப் பேப்பர்தான் இல்ல. யாரோ எடுத்துட்டாங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. உங்ககிட்ட எதுக்கு அதச் சொல்லிக்கிட்டுன்னு விட்டுட்டேன்.”

யாரோ என்று அவள் சொன்ன ஆள் அவளுக்கு எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். ஜோஜோ குடிக்காத டீயைக் கீழே வைத்தான்.

மிக்கேல் உள்ளே போய் அலமாரியைக் கலைத்தார். டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தார். பென்டிரைவ் இல்லை. இத்தனை வருஷத்தில் எங்கே போனதோ, கம்ப்யூட்டரையும் எப்போதோ பழைய சாமான்காரன் கொண்டுபோய்விட்டான் என்று வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டார். பார்க்கச் சகிக்கவில்லை.

“ஏனுங்க, அந்த பென்டிரைவைப் பள்ளிக்கூடத்துல இருந்து ஊட்டுக்குக் கொண்டாரப்ப எதுல வெச்சுக் கொண்டாருவீங்க?” என்று கேட்டார் மயிலாத்தாள்.

சட்டைப் பையில் வைத்தால் மழையில் நனையும், அதனால் வண்டிப் பேப்பர் உறையில் என்று சொல்ல வாயெடுத்த மிக்கேல், சொல்லி முடிக்காமல் ஜீப்புக்கு ஓடினார். தார்ப்பாயை விலக்கி, சீட்டுக்கு அடியில் கைவிட்டு, பழுப்பேறிய உறையை எடுத்து உதறினார். ஆர்.சி. புத்தகம், வரிச் சீட்டு, அந்தோணியார் படம். கடைசியாக விரல் நீளத்தில் ஒரு சிவப்புப் பென்டிரைவ் விழுந்தது. மேலே ஷைஜுவின் கையெழுத்தில் 2011 என்று ஒட்டியிருந்தது.

லேப்டாப் முதலில் அதைச் சட்டை செய்யவில்லை. ஜோஜோ எடுத்து ஊதிவிட்டு மறுபடி செருகினான். நாலாவது தடவை திறந்தது. முகப்பு, விளையாட்டு விழா, பூண்டில்லாத சாப்பாட்டுப் பட்டியல், எல்லாம் வரிசையாக வந்தன. ஒன்பதாம் வகுப்பு, தமிழ்ப் பிரிவு என்ற பக்கத்தில் அன்றைய தலைமை ஆசிரியரின் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் பளிச்சென்று இருந்தன. பத்தொன்பது பெயர்கள். பதினான்காவது ரோசி, வட்டவடை. பதினேழாவது வனிதா, வடகரப்பதி. போட்டோவில் இருவரும் அடுத்தடுத்து நின்றார்கள், ரோசி மட்டும் கண்ணை மூடிக்கொண்டு. அந்தப் படத்தை அவள் தொட்டுப் பார்த்தாள், திரையில் மண் ஒட்டிக்கொண்டது. ஜோஜோ துடைக்கவில்லை.

பென்டிரைவைக் கொடுங்கள், இப்போதே கொண்டுபோகிறோம் என்று ஜோஜோ கேட்டதற்கு மிக்கேல் தலையாட்டி மறுத்துவிட்டார். எடுக்கச் சொல்லிச் சீட்டுக் கொண்டுபோனவன் நான், திருப்பிக் கொண்டுபோக வேண்டியதும் நான், திங்கட்கிழமை எட்டேகாலுக்கு வருகிறேன் என்றார். ஜீப் ஓடி ரெண்டு வருஷம் ஆகிறதே என்று ரோசி சொன்னது அவர் காதில் விழவில்லை. ஜோஜோ சத்தமில்லாமல் ஒரு நகல் எடுத்துக்கொண்டான். துப்பறிகிற தொழிலில் நம்பிக்கை வேறு, நகல் வேறு.

திங்கட்கிழமை. ஜிபி சார் பேனாவோடு தயாராக இருந்தார். முந்தின நாளே பஸ் ஏறி வந்துவிட்ட வனிதா, பள்ளி வாசலில் நின்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டேகால் ஆயிற்று. எட்டரை ஆயிற்று. நகலை வைத்து முடித்துவிடலாமா என்று ஜின்சி கேட்டாள். மயிலாத்தாள் வேண்டாமென்றார்.

“இருபத்தி மூணு கடுதாசியில ரொம்பத் தாமசமா வந்தது எட்டேமுக்கால். இன்னும் நேரம் இருக்குது.”

எட்டு நாற்பத்து மூன்றுக்கு, வளைவுக்கு அந்தப் பக்கம் இருமல் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. புகையைக் கக்கிக்கொண்டு ஜீப் வந்து நின்றது. முன் சீட்டில் ரோசி. வனிதா ஓடிப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பதின்மூன்று வருஷம் கழித்து என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை, சிரித்துக்கொண்டே அழுதார்கள். திரையில் மூன்று வருஷப் பட்டியலையும் பார்த்த ஜிபி சார், வரிசை எண்ணைச் சரிபார்த்து இரண்டு சான்றிதழ்களிலும் கையெழுத்துப் போட்டார். ஒன்று நாளைக்குப் பாலக்காட்டுக்கு. மற்றது, அடுத்த தேர்வு அறிவிப்பு வரும்வரை, அந்த வண்டிப் பேப்பர் உறைக்கு.

ஜின்சி இரண்டாவது வெப்சைட்டை மற்ற மூன்றோடு சேர்த்து ஏற்றிவிட்டாள். தமிழ்ப் பிரிவுப் பக்கம் இருந்த இடத்தில் இருந்தது. விருந்தினர் பதிவேட்டையும் திறந்து வைத்திருந்தாள். மிக்கேல் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்து அவளிடம் கொடுத்தார். படித்துவிட்டு, கடைசி வரிகளையும் அடிக்க வேண்டுமா என்று ஜின்சி மயிலாத்தாளைப் பார்த்தாள்.

“எழுதுனதை எழுதுனபடியே போடு கண்ணு,” என்றார் அவர்.

ஜின்சி அடித்தாள்.

‘ரோசிக்கும் வனிதாவுக்கும் சான்று எழுதிக் கொடுக்கவும். முன்பு எடுக்கச் சொன்னது என் தப்பு. இனி எதையும் எடுக்க வேண்டாம். காரட் இரண்டு சாக்கு, பூண்டு ஒன்று. சாக்கு திருப்பித் தரவும். மிக்கேல் வண்டி.’